அரை மூச்சு முன்னால்

மணி ஒன்றே கால். ஊருக்கு வெளியே புறவழிச் சாலை. ஒரு பக்கம் கிடங்கின் நீளமான சுவர், மறுபக்கம் வெறும் பொட்டல். மூன்று தெருவிளக்கில் ஒன்றுதான் எரிந்தது. அந்தச் சாலையில் ஒரு பெண் தனியாக நடந்துகொண்டிருந்தாள்... காலில் செருப்பில்லாமல்.

பயந்து நடக்கவில்லை. கோபத்தில் நடந்தாள்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் எல்லோரும் பயப்படத் தயாராகப் போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். எனக்கு இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் பயத்துக்கு முன்னால் வருவது கோபம்தான்.

என்னோடு கல்லூரியில் படித்து, பிறகு நர்ஸ் வேலைக்குப் போனாளே என் தோழி... அவளுடைய கூடப்பிறந்த அக்காவுக்கு நடந்தது இது. சர்க்கஸ்காரர் ஒருவரை விரும்பிக் கட்டிக்கொண்டு, வீட்டில் தங்கையைத் தவிர யாரோடும் பேச்சுவார்த்தை இல்லாமல் போனவள்.

"அப்ப லவ் ஸ்டோரியா சித்தி?"

இல்லை. லவ் எல்லாம் முடிந்து ஆறு வருஷம் கழித்து நடந்தது. குறுக்கே பேசாதே.

அன்று ராத்திரி அக்காவுக்கும் அத்தானுக்கும் பெரிய சண்டை. தோழி அவரை அத்தான் என்பாள், நானும் அப்படியே சொல்கிறேன். என்ன சண்டை என்பது புரிய வேண்டுமானால் பார் விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம் தெரிய வேண்டும்.

கூடாரத்தின் உச்சியில் இரண்டு ஊஞ்சல்கள். ஒன்றில் ஒருவர் முழங்காலை மடித்துத் தலைகீழாகத் தொங்கியபடி ஆடுவார். அவர் பிடிப்பவர். எதிர்ப்பக்கம், நாற்பது அடி உயரத்தில், ஒரு சின்னப் பலகை. அதில் நிற்பவர் பறப்பவர். பாரைப் பிடித்துக்கொண்டு பலகையிலிருந்து பாய்ந்து, வீச்சின் உச்சியில் கையை விட்டு, காற்றில் சுருண்டு, பிடிப்பவரின் கையில் போய்ச் சேர வேண்டும். எப்போது பாய்வது என்று பறப்பவர் தீர்மானிப்பதில்லை. பிடிப்பவர் "ஹோப்!" என்று குரல் கொடுப்பார். குரல் வந்தால் கால் பலகையை விட்டுவிட வேண்டும். யோசிக்கவே கூடாது. குரல் வரவில்லையா... விடிய விடிய நின்றாலும் நிற்க வேண்டியதுதான்.

அதனால் தப்பு நடந்தால் அங்கே கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்று. குரல் வந்ததா, வரவில்லையா?

அத்தான் பிடிப்பவர். பறந்தவள் அவருடைய தங்கை, அக்காவின் நாத்தனார். இருபத்து மூன்று வயது. கண்ணைக் கட்டிக்கொண்டு பாய்ந்து, இரண்டு குட்டிக்கரணம் போட்டு, அண்ணன் கையில் போய்ச் சேருவாள். கூட்டமே அவளுக்காகத்தான் வந்தது.

பத்து மாதத்துக்கு முன்னால் ஒரு மாலைக் காட்சி. பாய்ந்தாள். சுருண்டாள். கையை நீட்டினாள்... அங்கே கை இல்லை. அத்தான் இன்னும் பின்பக்கம் போய்க்கொண்டிருந்தார். வலையின் ஓரத்தில் விழுந்து, எகிறி, கம்பத்தின் இரும்பு அடிக்கட்டையில்... போதும், அதைச் சொல்ல வேண்டாம்.

குரல் வந்ததா என்று கேட்டார்கள்.

"நான் கூப்பிடவே இல்ல. அவளாவே பாஞ்சிட்டா," என்றார் அத்தான்.

பேண்டு வாத்தியம் முழு வேகத்தில் அடித்துக்கொண்டிருந்த நேரம். யாருக்கும் எதுவும் கேட்டிருக்கவில்லை. பலகையில் அவளுக்குப் பாரை எடுத்துக் கொடுத்தது கோமாளி. அவனைத் தக்காளி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அவனும் "டிரம்ஸ் சத்தத்துல எனக்கு என் மூச்சே கேக்கல" என்றுவிட்டான். ஆக, உண்மை தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி செத்துப்போனாள். மற்றவர் சொன்னதே தீர்ப்பு.

செத்தவளுக்கு அன்றே ஒரு பட்டமும் கொடுத்தார்கள். அவசரக்குடுக்கை. முதலாளி சொன்னார், கூடாரம் அடிப்பவர்கள் சொன்னார்கள். அவர்கள் சொன்னதை மன்னிக்கலாம். பெற்ற தாயும் சொன்னாள். அக்காவின் மாமியார் அதே கம்பெனியில் உடை தைப்பவள். தையல் மிஷினை மிதித்துக்கொண்டே, "எல்லாத்துலயும் அவசரம் அவளுக்கு. அடுப்புல இருந்து இறக்கறதுக்குள்ள தட்டைத் தூக்கிட்டு வந்து நிப்பா. அப்படியேதான் போயும் சேர்ந்தா" என்பாள். தினமும். மகன் காதில் விழும்படி. அவனுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று.

மகன் அதைக் கேட்டுக்கொண்டே சாப்பிடுவார்.

அக்கா அதுவரை பார் ஆடியதில்லை. உச்சியிலிருந்து தொங்கும் துணியில் ஏறிச் சுற்றிக்கொண்டு ஆடுகிறவள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் முதலாளி போஸ்டர் அடித்துவிட்டார். பதினோரு நாளில் பெரிய காட்சி, கண்ணைக் கட்டிப் பறக்கும் பெண் மறுபடியும் வருகிறாள் என்று. சாயங்காலம் போஸ்டர்க் கட்டைப் பிரித்தபோது அக்கா பார்த்தாள். பழைய போஸ்டரேதான். நாத்தனாரின் உடம்பு, நாத்தனாரின் நீல உடை, காற்றில் நீட்டிய அவளுடைய இரண்டு கை. தலை மட்டும் வெட்டி எடுக்கப்பட்டு அங்கே அக்காவின் முகம்.

"உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா?"

"போன வாரமே தெரியும். நீ கத்துவேன்னுதான் சொல்லல."

"கத்தாம? உங்க தங்கச்சி கழுத்த வெட்டி என் மூஞ்சிய ஒட்டியிருக்காங்க!"

"சும்மா ஊரக் கூட்டாத. நான்தானே பிடிக்கப்போறேன்? நான் இருக்கேன்ல?"

போஸ்டரை நாலாகக் கிழித்து அவர் மடியில் போட்டுவிட்டு அக்கா வெளியே நடந்தாள். அந்த நடைதான் நான் முதலில் சொன்னது.

அரை கிலோமீட்டர் போயிருப்பாள். பின்னால், தூரத்தில், கூடாரம் இருந்த பக்கத்திலிருந்து...

"ஹோப்!"

ஒரே ஒரு தடவை. அத்தான் குரல். அந்தக் கரகரப்பு, கடைசியில் சட்டென்று மூடுகிற உதடு... எல்லாம் அவரேதான்.

அக்காவுக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. நான் கோபித்துக்கொண்டு தெருவில் நிற்கிறேன், இவருக்கு இந்த நேரத்தில் பயிற்சி கேட்கிறதா? இன்னும் நாலு வார்த்தை கேட்கலாம் என்று திரும்பி நடந்தாள். கூடாரத்தின் துணியை விலக்கி உள்ளே போனாள். இருட்டு. ஜெனரேட்டரை நிறுத்தியிருந்தார்கள். தார்ப்பாய் வாடை, கைக்குத் தடவும் வெள்ளைப் பொடியின் வாடை... அதோடு தைலம். வலிக்குத் தேய்க்கிற, மூக்கைக் கிழிக்கிற பச்சைத் தைலம். நாத்தனார் ஆட்டத்துக்கு முன்னால் இரண்டு மணிக்கட்டிலும் அரை பாட்டில் தேய்ப்பாள். வேறு யாரும் அதைத் தொட மாட்டார்கள்.

உச்சியில் சத்தம். க்ரீச்... க்ரீச்...

பிடிப்பவரின் ஊஞ்சல் ஆடிக்கொண்டிருந்தது. காற்றே இல்லை.

தங்கியிருந்த வண்டிக்கு ஓடினாள். அத்தான் உட்கார்ந்த இடத்திலேயே சுவரில் சாய்ந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். மடியில் போட்ட போஸ்டர்த் துண்டுகள் அப்படியே கலையாமல் இருந்தன.

கோபத்தில் காது ஏதோ கேட்டது என்று தன்னையே திட்டிக்கொண்டாள். காலையில் பயிற்சிக்குப் போனாள். ஏன் போனாள் என்று தோழி பிறகு கேட்டாளாம். "எனக்குக் கத்துக்க ஆசையா இருந்துச்சுடி. அதையும் மறைக்கக் கூடாதுல்ல" என்றாளாம். அது எனக்குப் பிடித்தது.

முதல் மூன்று நாள் வெறும் வீச்சு. பாரைப் பிடித்துப் போவது, வருவது. உள்ளங்கை உரிந்து ரத்தம் கசிந்தது. அடுத்த மூன்று நாள் கரணம். இடுப்பில் பெல்ட், பெல்ட்டில் கயிறு, கயிற்றின் மறுமுனை கீழே கூடாரக்காரர்கள் கையில். முதலில் ஒரு சுற்று, பிறகு இரண்டு. சுருண்டிருக்கும்போது எண்ண வேண்டும். ஒண்ணு... ரெண்டு... விரி. விரித்த கையில் சளார் என்று அத்தானின் கை வந்து மணிக்கட்டைப் பிடிக்கும். அந்தச் சத்தத்தில் அவளுக்குக் கல்யாணமான புதிதில் வந்த சந்தோஷம் வந்தது. அவரோடு இருந்த கோபம்கூடக் கொஞ்சம் தணிந்தது.

ஏழாம் நாள் கண்ணைக் கட்டினார்கள். கறுப்புத் துணி, மூன்று மடிப்பு. பலகையில் இரண்டு பேருக்குத்தான் இடம். அக்கா நிற்க, பின்னால் தக்காளி.

"தக்காளி, ஏன்டா மேல வந்து ஒட்டிக்கிட்டு நிக்கற? தள்ளி நில்லு," என்றாள்.

"நான் ஏணியிலதான் நிக்கறேன் அக்கா," என்றான். குரல் காலடியிலிருந்து வந்தது.

அப்படியானால் அவள் தோள்பட்டையில் சாய்ந்து மூச்சு விட்டது யார்? தைல வாடை... கண் எரிகிற அளவுக்கு.

எட்டாம் நாள் பெல்ட்டைக் கழற்றினார்கள். இனி கயிறு கிடையாது. வலை, அத்தான் கை, அவர் குரல். அவ்வளவுதான். அக்கா பாரைப் பிடித்து முன்னங்காலில் நின்றாள்.

"ஹோப்!"

கால் எழும்பியது. எழும்பிய காலை ஏதோ ஒன்று... அது என்னவென்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் கால் பலகையிலேயே நின்றுவிட்டது.

அரை மூச்சு கழித்து மறுபடியும், "ஹோப்!"

துணியைப் பிடுங்கி எறிந்தாள். "எதுக்கு ரெண்டு தடவை கூப்பிடறீங்க? மொதல் குரலுக்குப் பாஞ்சிருந்தா நான் எங்க போய் விழுந்திருப்பேன்?"

"ஒரு தடவைதானே கூப்பிட்டேன்," என்றார் அத்தான், தலைகீழாக ஆடியபடி.

கீழே இருந்தவர்களும் ஒன்றுதான் கேட்டது என்றார்கள். தக்காளியும் தலையாட்டினான்.

அத்தான் ஊஞ்சலை வீசுவதை நிறுத்தினார். பிறகு மெல்லக் கேட்டார். "மொதல்ல கேட்டது... யார் குரல்?"

"உங்க குரல்தான்."

தலைகீழாகத் தொங்குகிறவருக்கு ரத்தமெல்லாம் முகத்தில் இருக்கும், சிவந்திருக்கும். அந்த முகம் வெளுத்ததை அக்கா பார்த்தாள். அந்த ஒரு நொடியில் அவளுக்கு எல்லாமே புரிந்துவிட்டது.

அன்று மாலை வண்டிக்குள் கேட்டாள். மாமியார் மிஷினில் இருந்தாள், நாத்தனாரின் நீல உடையை அக்கா அளவுக்குப் பிரித்துத் தைத்துக்கொண்டு.

"அன்னைக்கு நீ கூப்பிட்டியா இல்லையா?"

ஆறு வருஷத்தில் முதல் தடவையாக 'நீ'.

"அத எதுக்கு இப்ப..."

"அரை மூச்சு முன்னாடி கூப்பிட்டுட்ட. ஏதோ நெனப்புல வாய் தவறி வந்துடுச்சு. அது எல்லாருக்கும் வரும், நான் அதுக்குக் கேக்கல. அப்புறம் வாயே தொறக்கலன்னு சொன்னியே... அதுக்குக் கேக்கறேன்."

"நான் கூப்பிடல."

"அவ உன் குரலுக்குத்தான் பாஞ்சா. நீ சொன்ன நேரத்துக்குச் சரியா பாஞ்சா. அவளப் போய்..."

"என்னம்மா நீ, செத்தவளுக்கு வக்காலத்து வாங்கற?" என்றாள் மாமியார். "அவளப் பெத்தவ நான். எனக்குத் தெரியாதா அவ அவசரம்?"

டக் என்று மிஷின் நின்றது. மிதித்தாள், சக்கரம் நகரவில்லை. குனிந்து பார்த்தாள். சக்கரத்தை எதுவும் தடுக்கவில்லை. ஆனால் வண்டி முழுக்கத் தைல வாடை. அடைத்த கதவுக்குள் மூன்று பேரும் இருமினார்கள்.

அக்கா நகரவில்லை. "உங்க அம்மா முன்னாடி சொல்லு. ஒரே ஒரு தடவை. சொல்லிட்டேன்னா நான் உன் கைய நம்பிக் குதிக்கறேன். இல்லேன்னா எனக்கு அந்தக் கை வேண்டாம். எதுக்குமே வேண்டாம்."

அவர் என்ன சொன்னார் தெரியுமா? "பிடிக்கறவனுக்குப் பேர்தான்டி எல்லாம். ஒரு தடவை தப்பாக் கூப்பிட்டான்னு வெளிய தெரிஞ்சா, அப்புறம் எவ என்ன நம்பிக் காலத் தூக்குவா?"

அதுவே பாதி ஒப்புதல். அவருக்கு அது தெரியவில்லை. மாமியாருக்குத் தெரிந்தது. தலையை நிமிர்த்தவே இல்லை. கையிலிருந்த ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதும் அவள் மகனைத் திட்டவில்லை... யாராவது எனக்குத் தண்ணீர் கொடுங்கள்.

பெரிய காட்சி நாள். கூடாரம் நிரம்பி வழிந்தது. ஒரு விஷயம் மாறியிருந்தது. அந்த விபத்துக்குப் பிறகு முதலாளி கட்டளை போட்டிருந்தார். பார் ஆட்டத்தின்போது பேண்டு அடிக்கக் கூடாது. பிடிப்பவர் குரல் தெளிவாகக் கேட்க வேண்டும்.

அக்கா நீல உடையில் ஏணி ஏறினாள். பாதியில் தக்காளி கேட்டான். "அக்கா, முகம் சரியில்லையே. குதிக்கப் போறீங்களா?"

"இல்லடா. கேக்கப் போறேன்."

பலகையில் நின்று கண்ணைக் கட்டிக்கொண்டாள். பேண்டு நின்றது. ஆயிரம் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எதிர்ப்பக்கம் ஊஞ்சலின் கிறீச்சொலி மட்டும். ஒரு கையில் பாரைப் பிடித்தபடி, மறு கையால் துணியை இழுத்து எறிந்தாள்.

"யோவ்! அன்னைக்கு உன் தங்கச்சியக் கூப்பிட்டியா இல்லையா? இத்தன பேர் முன்னாடி சொல்லு!"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். ஆட்டத்தில் இதுவும் சேர்த்தி என்று நினைத்திருப்பார்கள். அத்தான் வாயை இறுக மூடியபடி ஆடிக்கொண்டிருந்தார். போனார்... வந்தார்... போனார்...

"ஹோப்!"

அவர் குரல். உச்சியிலிருந்து, மூடிய வாயோடு. இந்தத் தடவை அக்காவுக்கு மட்டுமில்லை... ஆயிரம் பேருக்கும் கேட்டது. கீழே திரைக்குப் பக்கத்தில் நின்ற மாமியாருக்கும் கேட்டது.

அக்கா கையிலிருந்த பார் பிடுங்கிக்கொண்டு போனது. வெறும் பார் எப்படிப் போகும் தெரியுமா? கயிறு தொய்ந்து, தள்ளாடிக்கொண்டு போகும். இது அப்படிப் போகவில்லை. கயிறு இரண்டும் விறைத்து, ஆளைச் சுமந்த கனத்தோடு போனது. உச்சியில் ஒரு உதறல். திரும்பி வரும்போதுதான் லேசாக, தள்ளாடி வந்தது.

அத்தான் அப்போது பின்பக்கம் போய்க்கொண்டிருந்தார். அந்த நேரத்துக்கு அவரால் அங்கே இருக்கவே முடியாது. ஆனால் அவருடைய ஊஞ்சல் நடுக்காற்றில் நின்றது. நின்று... முன்னால் வந்தது. இழுத்து வரப்பட்ட மாதிரி.

சளார்!

அவருடைய இரண்டு கைகளிலிருந்தும் வெள்ளைப் பொடி புகையாகக் கிளம்பியது. விரல்கள் மூடிக்கொண்டன. கை நீண்டு விறைத்தது. ஊஞ்சல் கயிறு கனத்தில் முனகியது. அவர் கைக்குக் கீழே... ஒன்றுமில்லை.

கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

"சொல்லிடுடா!" என்று கீழே மாமியார் கத்தினாள். வளையத்துக்குள் ஓடிவந்துவிட்டாள். "கூப்பிட்டேன்னு சொல்லுடா, அவ போகட்டும்! எம்மா... நீ அவசரப்படலடி... நான்தான்டி பாவி..."

கைதட்டலில் பாதிதான் கேட்டது. ஆனால் அத்தானுக்குக் கேட்டிருக்கும். அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகம் இடதும் வலதுமாக ஆடியது. மாட்டேன் என்று.

கால்மணி நேரம் அப்படியே ஆடினார். பிறகு முழங்கால் தளர்ந்து வலையில் விழுந்தார். கைகள் அப்போதும் நீட்டியபடியே, மூடியபடியே. வலை ஒரு ஆளுக்குத் தாழ்வதைவிட ஆழமாகத் தாழ்ந்தது என்று தக்காளி சொன்னான்.

அக்கா ஏணியிலிருந்து இறங்கி, உடையை மாற்றிக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு அன்றே தங்கை வீட்டுக்கு வந்துவிட்டாள். இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிறாள். அவரைப் பற்றிக் கேட்டால், "சொல்லட்டும். அப்புறம் பேசலாம்" என்பாள்.

போன வருஷம் என் தோழிதான் மனசு கேட்காமல் அத்தானைப் பார்க்கப் போனாள். தாயும் மகனும் ஒரு வாடகை அறையில் இருந்தார்கள். மாமியார்தான் அவருக்கு ஊட்டிவிடுகிறாள். கைகள் திறக்கவில்லை. எலும்பு, நரம்பு எல்லாம் சரியாக இருக்கிறது என்று மூன்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். முழு முஷ்டியும் இல்லை. ஒரு மணிக்கட்டு நுழையும் அளவுக்கு நடுவில் இடைவெளி விட்டு, பத்து விரலும் வளைந்து இறுகியிருந்தன.

"சொல்லிடுங்க அத்தான்," என்றாள் தோழி.

"நான் கூப்பிடல," என்றார்.

மாமியார் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

தோழிக்கு வேலைப் பழக்கம். அவருடைய நாடியைப் பிடித்துப் பார்த்தாள். எழுபத்து நாலு. அப்புறம் என்ன தோன்றியதோ, அவருடைய வளைந்த விரல்களுக்கு நடுவே இருந்த அந்த வெறும் இடைவெளிக்குள் தன் இரண்டு விரலை விட்டாள்.

உள்ளே ஒன்றுமில்லை. காற்றுதான்.

ஆனால் துடித்தது. கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிஷம் முழுக்க எண்ணினாளாம்.

நூற்று முப்பத்தாறு.